நினைவில் தங்காத வலி

மருத்துவ மாணவர்கள் மயக்க மருந்துகளை ஒரு கிளை வரைபடமாக மனப்பாடம் செய்கிறார்கள். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்பவை ஒரு பக்கம், ஆளையே முழு மயக்கத்தில் ஆழ்த்துபவை மறு பக்கம். மரத்துப்போகச் செய்பவற்றில் எஸ்டர், அமைடு என்று இரு கிளைகள். புரோக்கெய்னும் டெட்ராக்கெய்னும் எஸ்டர். லிடோகெய்ன், புபிவாகெய்ன், ரோபிவாகெய்ன் அமைடு. எஸ்டர்களை ரத்தத்திலுள்ள ஒரு நொதியே உடைத்துவிடும். அமைடுகளைக் கல்லீரல்தான் உடைக்க வேண்டும். முழு மயக்க மருந்துகளில் மூச்சோடு உள்ளே போகிறவை நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் முதலியவை. ரத்தக் குழாயில் ஏற்றப்படுகிறவை தயோபென்டால், புரோப்போஃபால், எட்டோமிடேட், கெட்டமின் முதலியவை. கல்லீரல் கெட்டவருக்கு எதைக் குறைப்பது, ஒவ்வாமை உள்ளவருக்கு எதைத் தவிர்ப்பது என்று தீர்மானிக்க இந்த வரைபடம் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது மருந்தின் கட்டமைப்பையும் மருந்து உடம்புக்குள் நுழையும் வழியையும் வைத்துப் பிரிக்கிறது. படுத்திருக்கும் மனிதரிடமிருந்து அந்த மருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்வதில்லை. வலியையா, விழிப்பையா, அசைவையா, நினைவையா? அதைக் கேட்கத் தொடங்கியதும் மருந்தியலைத் தாண்டி ஒரு பழைய தத்துவக் கேள்வியில் வந்து நிற்கிறோம். பிறகு நினைவில் இல்லாத துன்பம் துன்பம்தானா? துன்பம்தான் என்பது என் வாதம். அப்படியானால் மயக்க மருந்துகளை எதை நீக்குகின்றன என்ற கணக்கிலும் பிரித்தாக வேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் மருந்துகளில் இந்தச் சிக்கல் இல்லை. நரம்பிழையின் சுவரில் சோடியம் அயனிகள் உள்ளே வரும் வாயில்கள் உண்டு. லிடோகெய்ன் போன்றவை அந்த வாயில்களை அடைத்துவிடுகின்றன. அயனிகள் நுழையாவிட்டால் நரம்பின் மின்னலை முன்னே நகராது. கத்தி பட்ட செய்தி மூளையை எட்டுவதே இல்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு அறுவை செய்யலாம் என்று காட்டியபோது நோயாளி விழித்தபடியே இருந்தார். இன்று முதுகுத்தண்டில் புபிவாகெய்ன் ஏற்றிச் செய்யும் சிசேரியனில், வயிறு இழுபடுவதும் அழுத்தப்படுவதும் தாய்க்குத் தெரிகிறது, வலி தெரிவதில்லை. குழந்தையின் முதல் அழுகையையும் கேட்கிறார். ஆள் முழுமையாக இருக்கிறார், வலி மட்டும் இல்லை. வலியும் விழிப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல, தனித்தனியே பிரியக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவை பிரியக்கூடியவை என்றால், விழிப்பு பாதி போய் வலி தங்கியிருக்கும் நிலையும் இருக்க முடியும் என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயம்தான் முழு மயக்கத்தைப் பற்றியது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரை முகரச் செய்து ஒரு கழுத்துக் கட்டியை அகற்ற வழிசெய்தார். ஈதர் ஒற்றை மருந்து. அதுவே ஆளை மயக்கியது, வலியை மழுக்கியது, தசைகளைத் தளர்த்தியது, நடந்ததை மறக்கச் செய்தது. எல்லாம் ஒருசேர நடந்ததால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அசையாமல் கிடப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எழுந்து ஒன்றும் சொல்லாதவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது இயல்பாகிப் போனது. மருந்தின் அளவுகோல்கூட இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டது. 1960களில் எட்மண்ட் ஈகரும் அவருடைய கூட்டாளிகளும், தோலை வெட்டும்போது பாதிப் பேர் அசையாமலிருக்க நுரையீரலின் காற்றறைகளில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்பதை அளவாக வைத்தார்கள். ஐசோஃப்ளுரேனுக்கு அது ஏறத்தாழ 1.2 சதவீதம், செவோஃப்ளுரேனுக்கு 2. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104. அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் அது தனியே போதவே போதாது. இந்த அளவு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது, நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் 1993இல் வெளியான ஆய்வுகள் ஒரு செய்தியைச் சொல்லின. முன்மூளை நீக்கப்பட்ட எலிகளிலும் அதே அளவு மருந்துதான் அசைவை நிறுத்தியது. ஆடுகளில் மருந்தை மூளைக்கு மட்டும் செலுத்தியபோது அசைவை நிறுத்த அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. கத்தி படும்போது உடல் துள்ளாமலிருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கும் காரியம். விழிப்பை நீக்க அந்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போதும் என்பது ஆறுதலான செய்திதான். ஆனாலும் நாம் அளந்துவந்தது ஆளின் அறிவை அல்ல என்பதை மறைக்க முடியாது.

அசைவை மட்டும் தனியே எடுத்துவிடும் மருந்து வந்தபோது இந்தக் குழப்பத்துக்கு மனிதர்களே விலை கொடுத்தார்கள். 1942இல் மான்ட்ரியலில் ஹரால்டு கிரிஃபித் கியூராரேயை அறுவை அறைக்குக் கொண்டுவந்தார். தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு முனையில் தடவிய நஞ்சு அது. நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் தடுக்கும். அவர் அதை மயக்க மருந்தோடு சேர்த்தே கொடுத்தார். ஆனால் சில ஆண்டுகளுக்குள் கியூராரேயே மயக்கவும் செய்கிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அது கொடுக்கப்பட்டவர்கள் அவ்வளவு அமைதியாகக் கிடந்தார்கள். 1947இல் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் வேறெந்த மருந்தும் இல்லாமல் அதைத் தன் உடம்பில் ஏற்றச் சொன்னார். இமையைக்கூட அசைக்க முடியாத நிலையில் அவர் எல்லாவற்றையும் கேட்டார், எல்லாவற்றையும் உணர்ந்தார், பிறகு விவரமாகச் சொன்னார். அசைவின்மை வலியின்மைக்குச் சான்றல்ல என்பது அத்தோடு முடிவாயிற்று. கியூராரே உணர்வைத் தொடுவதில்லை, நரம்பு தசையை இயக்குவதைத்தான் தடுக்கிறது என்று உடலியலாளர் கிளாட் பெர்னார்டு 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அறிவு இருந்தது. அதை நோயாளியின் பக்கம் நின்று படிக்கும் பழக்கம் இருக்கவில்லை.

நினைவை மட்டும் எடுத்துவிடும் மருந்தின் கதை இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அதைத் தன் உடம்பில் சோதித்துப் பிறகு சாட்சி சொல்ல ஒரு ஸ்காட் ஸ்மித் வர முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் கார்ல் கௌஸ், பெர்னார்டு க்ரோனிக் என்ற மருத்துவர்கள் பிரசவத்துக்கு மார்ஃபினும் ஸ்கோப்பலமினும் கலந்து கொடுத்தார்கள். அரைத் துயில் என்று அதற்குப் பெயர். எவ்வளவு மருந்து போதும் என்பதை அவர்கள் நினைவை வைத்தே முடிவு செய்தார்கள். ஒரு பொருளைக் காட்டுவார்கள். சற்று நேரம் கழித்து அதைப் பார்த்தது நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். நினைவிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அந்தப் பெண்கள் பிரசவத்தின்போது கத்தினார்கள், புரண்டார்கள். கண்களைக் கட்டிக் காதில் பஞ்சு வைத்துப் படுக்க வைப்பதும் உண்டு. விழித்தபோது ஒன்றும் நினைவில்லை. வலியில்லாமல் பெற்றேன் என்று மகிழ்ந்தார்கள். 1914இல் அமெரிக்கப் பெண்கள் இந்த முறையைத் தங்களுக்கும் தரவேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். அவர்கள் ஏமாளிகள் என்று சொல்ல நான் தயாரில்லை. பிரசவ வலியை ஒருவரும் பொருட்படுத்தாத காலத்தில் கிடைத்த கருணையை அவர்கள் பற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது வலியின்மையா, வலியைப் பற்றிய மறதியா? கத்திய அந்தப் பெண்ணையும் மறுநாள் மகிழ்ந்த பெண்ணையும் அருகருகே நிறுத்தினால், மறுநாள் சொன்ன சாட்சியை மட்டும் ஏற்று முந்தைய இரவின் சாட்சியைத் தள்ளுவதற்கு என்ன நியாயம்? இன்று எண்டோஸ்கோப்பி போன்ற சோதனைகளுக்கு முன் மிடாசோலம் கொடுக்கிறார்கள். அதன் தாக்கத்தில் இருப்பவர் கேட்டதற்குப் பதில் சொல்வார், திரும்பிப் படு என்றால் படுப்பார், பின்னர் எதுவும் நினைவில் இருக்காது. அச்சத்தைத் தணிக்க அது நல்ல மருந்து. ஆனால் மிடாசோலத்துக்கு வலியை நீக்கும் ஆற்றல் கிடையாது.

நம் தத்துவ மரபில் இந்தக் கேள்வி தூக்கத்தைப் பற்றிய வழக்காக நெடுங்காலம் நடந்திருக்கிறது. ஆழ்ந்து தூங்கி எழுந்தவர் சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறார். அத்வைதிகள் இதை நினைவு என்றார்கள். முன்பு அனுபவித்ததையே நினைக்க முடியும், ஆகவே தூக்கத்திலும் ஒரு சாட்சி அறிவு விழித்திருந்தது என்பது அவர்கள் முடிவு. நியாய மரபினர் இது நினைவல்ல, ஊகம் என்றார்கள். ஆழ்துயிலில் மனம் அறிவு பிறக்கும் இடத்தை விட்டு ஒடுங்கிவிடுகிறது, இடைப்பட்ட நேரத்தைப் பற்றி ஒன்றும் நினைவில்லாததால்தான் ஒன்றும் அறியவில்லை என்று எழுந்தபின் ஊகிக்கிறோம் என்றார்கள். இரு தரப்பும் எதிரெதிரான முடிவுக்கு வந்தாலும் ஒரே நீதிமன்றத்தில்தான் வழக்காடுகின்றன. விழித்தவரின் வாக்குமூலமே அங்கே சான்று. மிடாசோலமும் ஸ்கோப்பலமினும் அந்தச் சான்றின் மதிப்பைக் குறைத்துவிட்டன. அனுபவம் நடக்கும்போதே நினைவாகப் பதிவதை மட்டும் தடுக்க முடியும் என்றால், நினைவில்லை என்பதிலிருந்து அறிவில்லை என்று ஊகிக்க முடியாது. இதனால் அத்வைதத்தின் சாட்சி நிறுவப்பட்டுவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. நிறுவப்பட்டது வேறு: விழித்தவரைக் கேட்டு உறங்கியவரின் நிலையை அறிந்துவிட முடியாது என்பது.

சைவ சித்தாந்தம் இங்கே எனக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் நூற்பாவில் உயிரின் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, பேசுகிறது. அதை விரித்த நூல்கள் நனவில் 35 கருவிகள், கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1 என்று எண்ணியே சொல்கின்றன. நனவிலிருந்து கனவுக்கு இறங்கும்போது ஐந்து அறிகருவிகளும் ஐந்து தொழிற்கருவிகளும் கழன்றுவிடுகின்றன. எண்ணும் மனமும் சித்தமும் இன்னும் நிற்கின்றன. அதற்கும் கீழே சித்தமும் பிராணனும் புருடனும் மட்டும் எஞ்சுகின்றன. ஈகரின் அளவை மெய்கண்டார் முன்பே அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது இரண்டு பேருக்கும் செய்யும் அநீதி. நான் எடுத்துக்கொள்வது கேள்வியின் வடிவத்தை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஒற்றைக் கேள்வி கேட்காமல், எந்தக் கருவி கழன்றது, எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் பழக்கம் அது. மயக்க மருந்துகளை இப்படி வரிசைப்படுத்தினால் பாடநூல் வரைபடம் உருமாறிவிடுகிறது. லிடோகெய்ன் செய்தியை வழியிலேயே நிறுத்துகிறது. புரோப்போஃபால் விழிப்பைக் கலைக்கிறது, வலியை நேராக நீக்குவதில்லை. ஃபென்டனில் வலியைத் தணிக்கிறது, விழிப்பை முழுதாகக் கலைப்பதில்லை. மிடாசோலம் நினைவு பதிவதைத் தடுக்கிறது. கியூராரேயின் வழிவந்த தளர்த்திகள் அசைவைப் பறிக்கின்றன, வேறெதையும் தொடுவதில்லை. கெட்டமின் எல்லாவற்றிலும் விசித்திரமானது: கண்கள் திறந்திருக்கும், மூச்சு ஓடும், வலி தணிந்திருக்கும், ஆளும் உலகமும் மட்டும் அறுபட்டிருக்கும்.

இது வெறும் தருக்கம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாதபடி ஒரு சோதனை இருக்கிறது. 1977இல் மைக்கேல் டன்ஸ்டல் விவரித்த முறை அது. தசைத் தளர்த்தியை ஏற்றுமுன் ஒரு கையின் மேல் பட்டையைக் காற்றடித்து இறுக்கிவிட்டால் மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பெல்லாம் முடங்கியிருக்க அந்த ஒரு கை மட்டும் அசையக்கூடியதாக இருக்கும். பிறகு பெயர் சொல்லி அழைத்து, நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள் என்று கேட்பார்கள். 2017இல் வெளியான பல நாட்டு ஆய்வொன்றில், தொண்டையில் குழாய் செருகியபின் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். வலி இருந்தால் மீண்டும் அழுத்துங்கள் என்றபோது அவர்களில் 5 பேர் மீண்டும் அழுத்தினார்கள். பின்னர் விசாரித்தபோது ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. தாமாக முன்வந்து நினைவைச் சொல்பவர்களை எண்ணினால் கதை வேறு: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான கணக்கெடுப்பில் அப்படிச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 மயக்கங்களுக்கு ஒருவர்தான். முழு மயக்கம் மிகப் பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதை இந்த எண் காட்டுகிறது. அறுவைக்குப் போகிறவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நினைவைக் கேட்டால் ஒரு பதிலும் கையைக் கேட்டால் இன்னொரு பதிலும் வருகிறது என்பதைக் காட்டுகிறது. கையை அழுத்திய அந்த ஐவர் அந்தக் கணத்தில் பொய் சொல்லவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நடந்தது நடந்துவிட்டது, நினைவும் இல்லை, பின்விளைவும் இல்லை என்றால் யாருக்கு என்ன நட்டம்? தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் வரும் ஒரு கற்பனை இந்த மறுப்புக்குத் துணை நிற்பது போலத் தோன்றும். மயக்கம் தர முடியாத அறுவை. முடிந்ததும் மறக்க வைத்துவிடுவார்கள். மருத்துவமனையில் விழித்தவருக்கு, நேற்று 10 மணி நேரம் துடித்தவர் தானா, இன்று 1 மணி நேரம் துடிக்கப் போகிறவர் தானா என்று தெரியவில்லை. நம்மில் எவரும் நேற்றைய பத்தாக இருக்கட்டும் என்றே வேண்டிக்கொள்வோம். அப்படியானால் மறந்த வலிக்கு மதிப்பில்லை என்றாகாதா? ஆகாது. அதே மனிதரை முந்தாநாள் கேட்டால் ஒரு மணி நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். கடந்துபோனது என்பதால் நம் கவலை குறைகிறதே தவிர வலி குறைவதில்லை. மறதி துன்பத்தை இல்லாமல் ஆக்கும் என்றால், ஒருவரைச் சித்திரவதை செய்து பிறகு மறக்கும் மருந்தை ஏற்றுகிறவன் குற்றமற்றவன் ஆகிவிடுவான். நினைவிழப்பு நோயால் காலையில் நடந்ததை மாலையில் மறக்கும் முதியவரைக் கடுமையாகக் கையாள்வதும் குற்றமில்லை என்றாகிவிடும். அந்த முடிவை ஏற்காதவர் அதற்கு அடியிலிருக்கும் கொள்கையையும் ஏற்க முடியாது.

இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும், அதில் உண்மை இருக்கிறது. காயத்தின் செய்தி நரம்பில் ஓடுவது வேறு, அதை ஒருவர் வலியாக உணர்வது வேறு. மூளை இறந்தவரின் உறுப்புகளை எடுக்கும்போதுகூட இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதுண்டு; அங்கே துன்பப்பட யாருமில்லை. ஆகவே துடிப்பு ஏறியதைக் கண்டு வலி என்று கூவக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும். துள்ளல் வலிக்குச் சான்றல்ல என்றால் அசைவின்மை வலியின்மைக்கும் சான்றல்ல. இரண்டு பக்கமும் ஐயம் இருக்கும்போது பிழை எந்தப் பக்கம் நேர்ந்தால் யார் சுமப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளின் வரலாறு இதற்குக் கொடிய சாட்சி. 1980கள் வரை பல இடங்களில் குறைமாதக் குழந்தைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் தசைத் தளர்த்தியும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். அவர்களுக்கு வலி முழுதாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்ற நம்பிக்கையும், மருந்து அவர்களைக் கொன்றுவிடும் என்ற அச்சமும் காரணங்கள். 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய கூட்டாளிகளும், ஃபென்டனில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் அறுவையின் அதிர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்ததையும், அது கிடைக்காத குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் கூடியதையும் வெளியிட்டார்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஆய்வு, மரத்துப்போகும் மருந்தில்லாமல் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள் சில மாதம் கழித்துத் தடுப்பூசியின்போது கூடுதலாகத் துடித்ததைக் கண்டது. சொல்லாக நினைவுகூர முடியாதது உடலில் தங்கிவிடக்கூடும். மருந்தைக் கூட்டினால் ரத்த அழுத்தம் விழும், முதியவர்களுக்கு ஆபத்து என்பதும் உண்மைதான். நான் கேட்பது மயக்கத்தை ஆழமாக்குவதை அல்ல; வலி நீக்கப்பட்டதா என்பதை மயக்கத்தின் கணக்கில் சேர்க்காமல் தனியே கேட்பதை. முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் வெட்டுமிடத்தில் புபிவாகெய்ன் போடும் மருத்துவர் தேவையில்லாததைச் செய்வதில்லை. இரண்டு தனித்தனிக் கடமைகளைச் செய்கிறார்.

சமயங்கள் இதுவரை பெரும்பாலும் வேறு கேள்வியைத்தான் கேட்டன: வலியை நீக்கலாமா? எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1847இல் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துவிட்டு, வேதனையோடு பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டதைக் காட்டி மறுப்பவர்களுக்கு, ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே ஆழ்ந்த உறக்கத்தை வரவழைத்தார் என்று அதே ஆதியாகமத்திலிருந்து பதில் சொன்னார். 1957 பிப்ரவரியில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), இத்தாலிய மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கையில், வலியைத் தாங்கியே ஆக வேண்டும் என்ற பொதுக்கடமை கிறித்தவருக்கு இல்லை என்றார். இறப்பவரின் வலியைத் தணிக்கத் தரும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைத்தாலும் தரலாம் என்றார். ஆனால் தக்க காரணமின்றி இறப்பவரின் விழிப்பைப் பறிக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். வலியையும் விழிப்பையும் தனித்தனியே நிறுத்திப் பேசிய அந்தப் பதிலின் நுட்பம் இன்னும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இன்று கடைசி நாள்களில் தவிப்பைத் தாங்க முடியாதவர்களுக்கு மிடாசோலம் ஏற்றி அமைதியாக்குகிறார்கள். அவர் நெற்றிச் சுருக்கம் நீங்கிப் படுத்திருப்பதைக் கண்டு குடும்பம் நிம்மதி அடைகிறது. அறுவை முடிந்தவரை மறுநாள் கேட்கலாம், குழந்தையைச் சில மாதம் கழித்து ஊசியின்போது பார்க்கலாம். இவரோ எழுந்து வந்து எதையும் சொல்லப் போவதில்லை. நினைவைச் சான்றாக வைத்த நீதிமன்றம் இவருக்குத் திறக்காது. அதனால்தான் நல்ல வலிதணிப்பு மருத்துவர்கள் மிடாசோலம் தொடங்கியபின்னும் மார்ஃபினை நிறுத்துவதில்லை.